எல்லா எழுத்தும் தெரிந்த பிறகுதானா வாசிப்பு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சைப் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் பயிற்சி மாணவ மாணவியரை நோக்கித்தான் பேசப்போகிறேன். வாசிக்கக் கற்பிப்பது பற்றிப் பாடத்திட்டம் சொல்வதை உங்கள் விரிவுரையாளர்கள் சொல்லித் தருவார்கள். பயிற்சியில் சேர்வதற்கு முன்பே அது பற்றி உங்கள் மனத்தில் உறுதிப்பட்டுப்போன எண்ணங்கள் சில இருக்கின்றன. பாடத்திட்டத்தைவிட அவைதான் நாளை உங்கள் வகுப்பறையை நடத்தும் என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலமெல்லாம், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பேன். பெயர் போட வேண்டியதில்லை. சொந்த அடையாளம் ஏதாவது ஒன்றை மூலையில் இட்டால் போதும். கேள்வி இதுதான்: ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறீர்கள், முதல் நாள் என்ன செய்வீர்கள், ஆறு மாதம் கழித்து என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? விடைகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறியதில்லை. முதலில் உயிரெழுத்து பன்னிரண்டு. அம்மா, ஆடு, இலை, ஈ என்று படம் காட்டி நடத்துவேன். பிறகு மெய்யெழுத்து. பிறகு க வரிசை தொடங்கி ன வரிசை வரை. அது முடிந்தபின் இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல், அதன்பின் வாக்கியம். கதைப் புத்தகம் என்று யாராவது எழுதியிருந்தால், அது எல்லாம் முடித்த குழந்தைக்குத் தரும் பரிசாகத்தான் வரும். வாசிக்க வராத குழந்தையை என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கூடுதலாக எழுதவைப்பேன், பெற்றோரை வரச்சொல்லிப் பேசுவேன் என்பார்கள். அந்தக் குழந்தை எந்தச் சொல்லை எப்படி வாசித்தது என்று திருப்பிக் கேட்டவர்கள் மிக அரிது.

இந்த விடைகள் எங்கிருந்து வருகின்றன? டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், இதுவே ஒரு தொழில் பழகுநர் காலம் என்றார் அவர். மருத்துவம் படிக்க வருகிறவர் அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அறுவை அரங்கில் நின்றதில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவரோ தன் தொழிலை ஏற்கெனவே முழுக்கப் பார்த்துவிட்ட உணர்வோடு வருகிறார். ஆனால் அவர் பார்த்தது மாணவர் இருக்கையிலிருந்து. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது தெரியும். ஏன் அதை எழுதினார், எந்தக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதினார், என்ன நினைத்துக் கைவிட்டார் என்பது தெரியாது.

வாசிப்பில் இதைவிட ஆழமான ஒரு சிக்கல் உண்டு. இந்த அரங்கில் இருக்கும் நாம் எல்லோரும் அந்த முறையில் தேறியவர்கள். க, கா, கி, கீ என்று கூட்டமாக ஒப்பித்தோம். ஏதோ ஒரு நாளில் வாசிப்பு வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பது நம் யாருக்கும் நினைவில்லை. ஒப்பித்தது நினைவிருக்கிறது, அதனால் ஒப்பித்ததால்தான் வந்தது என்று நம்புகிறோம். நம் பக்கத்தில் உட்கார்ந்து அதே வரிசையை அதே குரலில் ஒப்பித்துவிட்டு, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பத்தியைக்கூட வாசிக்க முடியாமல் போன தோழன் ஒருவன், தோழி ஒருத்தி இருந்தார்களே, அவர்கள் ஆசிரியர் பயிற்சிக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்த வெள்ளைத்தாளில் வேறு விடை எழுதியிருப்பார்கள். பயிற்சி ஆசிரியரின் நம்பிக்கைக்குச் சான்று இருக்கிறது, ஆனால் அது வகுப்பின் பாதிச் சான்று. பயிற்சி மாணவர்களை அறியாதவர்கள் என்று சொல்லிக் கடிவதில் எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுதான்.

இனி தமிழ் எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த எண்ணை நம் பயிற்சி மாணவர்கள் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தொல்காப்பியம் முதலெழுத்தாகச் சொல்வது முப்பதுதான். சார்ந்து வருவன மூன்று. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்து விளைவது. க் என்ற மெய்யோடு ஆ என்ற உயிர் சேர்ந்தால் கா. இதை நம் மாணவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் நின்றதும் அதே அறிவை அப்படியே மறந்துவிட்டு, 216 உருவங்களையும் 216 தனிப் பொருள்களாகக் கற்பிக்கத் தொடங்குகிறார்கள். இலக்கணத்தில் நம் முன்னோர் கண்டு தந்த பகுப்பு வாசிப்புப் பாடத்துக்குள் நுழைவதே இல்லை.

கொஞ்சம் அருகில் சென்று பாருங்கள். ஆகாரத்துக்கு ஒரே குறி, கால். கா, சா, டா, தா எல்லாவற்றுக்கும் அதே கால்தான். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகு ணா, றா, னா ஆகியவையும் இந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. ஐகார வரிசையில் ணை, லை, ளை, னை ஆகியவையும் அப்படியே. ஆகவே ஆகார வரிசையில் நாலைந்து எழுத்துகளைப் புரியவைத்துவிட்டால் மீதியைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கவிட வேண்டும். ஆனால் உகர வரிசையில் அந்த ஒழுங்கு இல்லை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஙு, சு, பு, யு, வு இன்னொரு கூட்டம், கீழே ஒரு கோடு இறங்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது கூட்டம். ஊகார வரிசை இன்னும் கடினம். எங்கே விதி போதும், எங்கே நினைவு வேண்டும், எங்கே கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும் என்பது இந்தப் பார்வையிலிருந்துதான் கிடைக்கும். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கும் வகுப்பில், ஙகர வரிசை பன்னிரண்டையும் குழந்தைகள் பாடித் தீர்க்கிறார்கள். அங்ஙனம், இங்ஙனம் போன்ற ஓரிரு சொற்களைத் தாண்டி, ஙகர உயிர்மெய்யை எந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறார்கள்? அதே நேரத்தில் படம், பட்டம், மடம், மட்டம் என்று ட, ப, ம மூன்றையும் அவற்றின் புள்ளி எழுத்துகளையும் வைத்தே நான்கு சொற்களை ஒரு குழந்தை வாசித்துவிட முடியும். எளிய வடிவங்களில் தொடங்கும் முறை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. பயிற்சி மாணவர்கள் அதைக் கேள்விப்பட்டும் இருக்கிறார்கள். வகுப்புக்குப் போனதும் கை தானாக அகரத்தை எழுதுகிறது.

அந்த நான்கு சொற்களில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. படம் என்பதிலும் பட்டம் என்பதிலும் டகரம் ஒரே ஒலியில் வருவதில்லை. கல், பகல், சங்கு மூன்றிலும் ககரம் மூன்று விதம். எழுத்தில் இந்த வேறுபாட்டுக்குக் குறி இல்லை. ஆனாலும் குழந்தை சரியாகவே சொல்கிறது. காரணம், அந்தச் சொல் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துக் கூட்டிச் சொல்லின் அருகே வந்ததும், தெரிந்த சொல் வந்து கைகொடுக்கிறது. தெரியாத சொல்லாக இருந்தால் அந்த உதவி இல்லை. பொருள் கடைசியில் வரட்டும், முதலில் எழுத்து வரட்டும் என்று சொல்கிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். தமிழில் எழுத்துக் கூட்டுவதற்கே பொருள் தேவைப்படுகிறது.

கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை நமக்கு மிக நெருக்கமானது. கன்னடமும் நம்மைப் போல் உயிர்மெய்க் குடும்பத்து எழுத்து. ஆங்கில எழுத்துகளைப் போல் ஓராண்டில் கற்று முடிக்கக்கூடிய எண்ணிக்கை அல்ல. எழுத்துகளைக் கற்பது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று அவர் காட்டினார். அப்படியென்றால் எல்லா எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல், சொல் முடிந்த பிறகுதான் கதை என்று காத்திருந்தால், ஒரு குழந்தை தன் தொடக்கப் பள்ளி வாழ்வின் பெரும்பகுதியை வாசிக்காமலே கழிக்கும். கர்நாடகத்தின் யாத்கிரியிலும் மகாராஷ்டிரத்தின் வாடாவிலும் சைலஜா மேனனும் அவருடைய குழுவினரும் மூன்று ஆண்டுகள் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2017இல் அறிக்கை தந்தார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் எழுத்துப் பயிற்சியும் நேரத்தை விழுங்க, பொருள் தேடுவதற்கு வகுப்பில் இடமே இல்லாமல் போவதை அதில் காணலாம். யாத்கிரி என்ற பெயரை எடுத்துவிட்டு நம் மாவட்டம் ஒன்றின் பெயரைப் போட்டாலும் எனக்கு வியப்பிருக்காது.

எழுத்தெல்லாம் முடிந்த பிறகே வாசிப்பு என்ற நம்பிக்கைக்கு எதிர்முனையில் இன்னொரு நம்பிக்கை அண்மைக் காலமாகப் பயிற்சி மாணவர்களிடம் வளர்ந்து வருகிறது. படித்த, அக்கறையுள்ள மாணவர்களிடம்தான் அது அதிகம். எழுத்தைத் தனியே கற்பிப்பதே வன்முறை, அழகான படக்கதைகளை அள்ளிக் கொடுத்தால் போதும், பேசக் கற்றதுபோல் வாசிக்கவும் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பது அது. இதன் வேர் 1967இல் அமெரிக்கக் கல்வியாளர் கென் குட்மன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது; வாசிப்பை ஊகிக்கும் விளையாட்டு என்று அவர் விளக்கினார். அதே ஆண்டில் ஜீன் சால் எழுதிய நூல், எழுத்து ஒலி உறவை முறையாகக் கற்பிப்பதன் பக்கம் சான்றுகளை அடுக்கியது. அமெரிக்காவில் இந்த வழக்கு பல பத்தாண்டுகள் ஓடி, 2000இல் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை முறையான ஒலி எழுத்துக் கற்பித்தலை ஆதரித்தது. பேச்சு இயல்பாக வரும், எழுத்து அப்படி வராது. அது மனிதர்கள் செய்த ஒழுங்கு. யாராவது காட்டித்தான் தர வேண்டும். வீட்டில் புத்தகமும் வாசித்துக் காட்ட ஆளும் உள்ள குழந்தை ஒருவேளை தானாகத் தேறிவிடும். வீட்டில் காலண்டர் தவிர வேறு அச்செழுத்து இல்லாத குழந்தைக்கு எழுத்தைக் காட்டித்தர மறுப்பது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் தந்த ஓர் எளிய சூத்திரம் இந்த இரு முனைகளையும் ஒன்றாக நிறுத்துகிறது. எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன், கேட்டால் புரியும் மொழித்திறன், இரண்டின் பெருக்கல்தான் வாசித்துப் புரிதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று சுழியாக இருந்தால் விடையும் சுழி.

இப்போது இரண்டு குழந்தைகளைக் காட்டுகிறேன். பெயர் வேண்டாம்.

முதலாமவள் இரண்டாம் வகுப்பு. பள்ளி அனுபவப் பயிற்சியில் இருந்த மாணவி ஒருத்தி, வகுப்பிலேயே நன்றாக வாசிக்கும் குழந்தை என்று என்னிடம் அழைத்து வந்தாள். குழந்தை பாடநூலைப் பிரித்து, பாட்டை ஒரு தடையும் இல்லாமல் படித்தது. விரல் வரியின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விரல் இரண்டாம் சொல்லில் இருக்கும்போது வாய் நான்காம் சொல்லில் இருந்தது. வரியின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டு, இது என்னம்மா என்றேன். குழந்தை சற்று நின்று, வரியின் தொடக்கத்துக்குப் போய், மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்தச் சொல்லில் நிறுத்த முயன்றது. முடியவில்லை, தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மாணவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு பருவம் முழுக்க இந்தக் குழந்தையைத்தான் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நிறுத்தியிருந்தாள்.

இதை வைத்து மனப்பாடத்தை நான் பழிக்கமாட்டேன். திண்ணைப் பள்ளிகளில் நினைவுதான் கல்வியின் முதுகெலும்பாக இருந்தது என்பதை வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்வது அந்தப் பள்ளியின் வழக்கம். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறையையும் எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதை நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. திண்ணைப் பள்ளியில் வாயும் விரலும் ஒன்றாகப் போயின. ஆத்திசூடியை வாயில் வைத்திருந்த பிள்ளைக்கு அதன் எழுத்து வடிவம் தெரிந்த பொருளின் புது முகம். நம் வகுப்பறையில் ஒப்பித்தல் மட்டும் தங்கிவிட்டது; விரல் விலகிவிட்டது. அந்தக் குழந்தைக்கு வேண்டியது பாட்டை மறப்பது அல்ல. பாட்டின் வரியைத் தனித்தனிச் சொல்லட்டைகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொன்னால் போதும், நினைவே எழுத்துக்குப் படியாகிவிடும். அந்த மாணவி அடுத்த வாரம் அதைத்தான் செய்தாள்.

இரண்டாவது குழந்தை ஒரு பையன். கொடி என்ற சொல்லைக் கெரடி என்று வாசித்தான். வகுப்பு சிரித்தது. ஆசிரியை குறிப்பேட்டில் பெருக்கல் குறி போட்டார். அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். கொ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னே நிற்கிறது, ககரம் நடுவில், கால் பின்னே. கொம்பையும் ககரத்தையும் சேர்த்து கெ என்று சரியாக வாசித்தான். அடுத்து நிற்கும் கால், அச்சில் ஏறத்தாழ ரகரத்தின் உருவத்திலேயே இருக்கிறது. ஆகவே ர. பிறகு டி. இடமிருந்து வலமாக ஒரு குறியையும் விடாமல் வாசித்த குழந்தை அவன். கொம்பும் காலும் ஒரே உயிரின் இரு துண்டுகள் என்ற ஒரே ஒரு செய்திதான் அவனுக்கு எட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் எட்டவைக்கலாம். பசு படத்தின் கீழ் பசு என்று அச்சிட்டிருக்க, மாடு என்று வாசிக்கும் குழந்தையின் தவறு இதற்கு நேர் எதிர். அவள் பொருளைப் பிடித்துவிட்டு எழுத்தைப் பார்க்காமல் விட்டவள். குறிப்பேட்டில் இருவருக்கும் ஒரே பெருக்கல் குறி. மாதக் கடைசியில் இருவரும் மெல்லக் கற்போர் பட்டியலில். தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அவரவர் நிலையிலிருந்து தொடங்கச் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பில் உட்கார்ந்திருக்கும் பத்துக் குழந்தைகள் பத்துக் காரணங்களால் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் காது ஆசிரியருக்கு வேண்டும். குட்மனின் ஊகக் கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் குழந்தையின் தவறு அதன் சிந்தனையைக் காட்டும் சான்று, அதைப் பதிவு செய்து படிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதற்காக அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம்.

பேச்சு மொழியைப் பற்றிய நம்பிக்கை இன்னும் கூர்மையானது. நம் குழந்தை வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வெகு தூரத்தில் இருக்கின்றன. இரட்டை வழக்குக்கு மொழியியலாளர்கள் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு தமிழ். எறும்பு ஊர்ந்து சென்றது என்ற வரியை எறும்பு ஊந்து போச்சு என்று ஒரு குழந்தை வாசித்தால், நம் பயிற்சி மாணவர்களில் பெரும்பாலோர் கொச்சை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். வரியை முழுக்கப் புரிந்துகொண்டு தன் மொழியில் திருப்பிச் சொல்லும் குழந்தை அது. அதை நிறுத்தினால், அடுத்த முறை சென்றது என்று சரியாக ஒலித்துவிட்டுப் பொருளைத் தேடாமல் உட்கார்ந்துவிடும். ஆமாம், எறும்பு போச்சு, புத்தகத்தில் அதை எப்படிப் போட்டிருக்கு பார் என்று விரலைச் சென்றது மேல் வைத்தால், குழந்தைக்கு இரண்டு தமிழும் கிடைக்கும். இதற்குத் தமிழாசிரியர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஏழாம் வகுப்பில் அவர்கள் கேட்கும் செந்தமிழ் வேண்டுமென்றால், ஒன்றாம் வகுப்பில் இந்தப் பாலத்தைப் போட்டே ஆக வேண்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்தும், நீலகிரியில் படுகு பேசும் வீடுகளிலிருந்தும் வரும் குழந்தைகளுக்குத் தூரம் இன்னும் அதிகம். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

சொல்லித் திருத்தினால் இந்த நம்பிக்கைகள் மாறுமா? மாறாது. 1992இல் ஃபிராங்க் பஹாரஸ் ஆசிரியர் நம்பிக்கைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, இளமையில் உருவான நம்பிக்கை எதிர்ச்சான்று வந்தாலும் நிலைத்து நிற்கும் என்பதைத்தான் அழுத்திச் சொன்னார். நம் அனுபவமும் அதுவே. செயல்வழிக் கற்றலைப் பற்றித் தேர்வில் பத்துப் பக்கம் எழுதும் மாணவி, பயிற்சிக்குப் போகும்போது தெர்மாகோலில் எழுத்து மரம் செய்கிறாள், சுழலும் வட்ட அட்டை செய்கிறாள். இரவெல்லாம் விழித்து வண்ணம் தீட்டுகிறாள். அந்த மரத்தின் கிளைகளிலிருந்து குழந்தைகள் க, கா, கி, கீ என்று அதே வரிசையை ஒப்பிக்கிறார்கள். புதிய கருவிக்குள் பழைய நம்பிக்கை வசதியாகக் குடியேறிவிடுகிறது. செய்முறைத் தேர்வுக் குழு வரும் கமிஷன் நாளில் அந்த மரத்துக்கு மதிப்பெண் கிடைக்கிறது. கெரடி என்று வாசித்த பையனைக் கவனித்ததற்கு மதிப்பெண் கிடையாது.

இன்னொரு கசப்பான செய்தி. 2004இல் ஆப்பிள்கேட் இணையர் அமெரிக்கப் பயிற்சி ஆசிரியர்களின் வாசிப்பு ஆர்வத்தை ஆராய்ந்து, பலருக்கு வாசிப்பில் விருப்பமே இல்லை என்று கண்டார்கள். தன்னிடம் இல்லாததைத் தர முடியாது என்ற விவிலியப் பேதுருவின் பெயரை அந்த நிலைக்கு வைத்தார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நம் பாட்டிமார் முன்பே சொல்லிவிட்டார்கள். பயிற்சி நிறுவன நூலகத்தில் சிறுவர் கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கல்வி உளவியல் வழிகாட்டி அலமாரி நிறைய இருக்கும். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாகச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. அவற்றை ஒருமுறைகூடப் புரட்டாமல் பட்டயம் வாங்கிச் செல்லும் மாணவர்களை நான் அறிவேன். அந்த நூல்களைத் தமக்குள் உரக்க வாசித்துக் காட்டி, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று சண்டை போட்டுப் பழகிய மாணவர்தான் நாளை ஒரு குழந்தையின் மடியில் சரியான புத்தகத்தை வைப்பார்.

இனி என் வேண்டுகோள். பள்ளி அனுபவப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு குழந்தையை ஒப்படையுங்கள். வாசிக்கத் தடுமாறும் குழந்தை. வாரத்தில் இரண்டு முறை, அரை மணி நேரம், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நோட்டு. இடப்பக்கத்தில் குழந்தை வாசித்தது, வாசித்தபடியே, கெரடி என்றால் கெரடி என்றே. சரி, தவறு என்ற குறி கூடாது. வலப்பக்கத்தில் இந்த வாசிப்பிலிருந்து குழந்தைக்கு என்ன தெரிகிறது என்று எழுதவேண்டும். என்ன தெரியவில்லை என்பது அதற்குக் கீழே, இரண்டாவதாக. அடுத்த முறைக்கு என்ன செய்யப்போகிறேன் என்பது ஒரு வரி. வாரம் ஒருமுறை விரிவுரையாளர் அந்த நோட்டுகளை வைத்து மாணவர்களோடு உட்கார வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில், முதல் வாரத்தில் அடையாளமிட்டு எழுதிய வெள்ளைத்தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, இன்று எதை மாற்றி எழுதுவாய் என்று கேட்க வேண்டும். என் மாணவர்களில் சிலர் ஒன்றையும் மாற்றவில்லை. அவர்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், குழந்தையோடு உட்காராமல் வீட்டில் நிரப்பிய நோட்டுகள் என்பது தெரிந்துவிடும். எல்லாத் தவறும் பாடநூல் வரிசையிலேயே வந்திருக்கும். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றினார்கள்.

நேரம் இல்லை, மாணவர் எண்ணிக்கை அதிகம் என்ற மறுப்பு வரும். அந்த மறுப்புக்கு ஒரு காலத்தில் வலு இருந்தது. இன்று பட்டயப் பயிற்சியில் சேர்க்கை மிகவும் குறைந்து, தனியார் நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன. மிஞ்சியிருக்கும் நிறுவனங்களில் ஒரு விரிவுரையாளரால் தம் மாணவர் ஒவ்வொருவரின் நோட்டையும் படிக்க முடியும். வருத்தமான காரணத்தால் வந்த வாய்ப்புதான். அதையும் விட்டுவிடக் கூடாது.

பாடத்திட்டம் மாறட்டும், அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. துணைக்கருவிக்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து இந்த நோட்டுக்குக் கொடுத்தால், மாணவர்களின் உழைப்பும் அந்தப் பக்கம் திரும்பும். மண்டபத்தில் மூன்று நிறுவனங்களின் முதல்வர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த பள்ளி அனுபவப் பயிற்சி தொடங்குவதற்கு முன் உங்கள் பயிற்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அழைத்து, எந்த மாணவருக்கு எந்தக் குழந்தை என்ற பட்டியலைப் போட்டுவிடுங்கள். வாசிக்கவே வராது என்று அவர்கள் கைவிட்ட குழந்தைகளின் பெயர்களைத்தான் முதலில் கேளுங்கள். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கையரே, அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும் குழந்தையிடம் முதல் நாள் எழுத்துத் தெரியுமா என்று கேட்காதீர்கள். ஒரு கதையை எடுத்து நன்றாக, முழுதாக, வாசித்துக் காட்டுங்கள். பிறகு அந்தக் குழந்தை தனக்குப் பிடித்த பக்கத்தைத் திருப்பட்டும். அங்கிருந்து உங்கள் நோட்டைத் தொடங்குங்கள்.